இறக்கத்தில் தெரியும் வேனின் வயது

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு வேன் ஒரே நாளில் நான்கு வேலை பார்க்கிறது. விடியுமுன் கந்தப்பளையிலிருந்தோ இராகலையிலிருந்தோ லீக்ஸும் கரட்டும் மூட்டை மூட்டையாக ஏறும். ஏழு மணிக்குப் பின் இருக்கைகளைப் பொருத்திப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும். மத்தியானம் லயத்திலிருந்து ஒரு நோயாளியை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். திருவிழாக் காலமென்றால் இரவிலும் ஹயர் இருக்கும். அப்படி உழைக்கும் வேன்களில் பெரும்பாலானவை மூன்றாவது நான்காவது கை மாறி வந்தவை. அவற்றை வாங்கப் போகிறவர் தரகரிடம் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: எந்த வருடம், எத்தனை கிலோமீற்றர்? சமவெளியில் இந்த இரண்டும் ஓரளவு உதவும். மலையில் இவை இரண்டுமே வாங்குபவரைத் தவறான வேனின் பக்கம் இழுத்துச் செல்கின்றன. இங்கே கேட்கவேண்டியவை வேறு மூன்று. சுமையோடு இந்த வேன் எப்படி இறங்குகிறது? பழுதானால் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ இதைத் திருத்த ஆள் உண்டா? வாங்கிய பிறகு கையில் எவ்வளவு மிஞ்சும்? இவற்றுக்குச் சரியான விடை கிடைத்தால் நான்கு லட்சம் கிலோமீற்றர் ஓடிய வேனையும் நம்பி வாங்கலாம். கிடைக்காவிட்டால் ஒரு லட்சம் ஓடியதையும் விட்டுவிட வேண்டும்.

பழைய வேனையே ஏன் வாங்கவேண்டும் என்று கேட்பவருக்கு நாட்டின் நிலைமைதான் விடை. இலங்கையின் வேன்கள் பெரும்பாலும் ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. அங்கே சரக்கு வேன்கள் ஆண்டுதோறும் அரசு விதித்த பரிசோதனைக்கு உட்பட வேண்டும். வயது கூடக்கூட அந்தச் செலவு உரிமையாளரை அழுத்துவதால், நன்றாக ஓடும் நிலையிலேயே வண்டியை விற்றுவிடுகிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் அவை நேரே நம் துறைமுகத்துக்கு வந்தன. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புதிய வேன் வராமல், இருந்த வேன்களே இரட்டிப்பு வேலை செய்தன, விலையும் ஏறிக்கொண்டே போனது. இறக்குமதி திறந்த பிறகும் வரிச்சுமையால் புதிய வேன் தோட்டத்துக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த வருமானத்திலிருந்து ஒரு வீடு வேன் வாங்குகிறதென்றால், ஓய்வு பெற்ற தாயின் ஊழியர் சேமலாப நிதியும், அடகு வைத்த நகையும், கொழும்புக் கடையில் நிற்கும் மகனின் சேமிப்பும் ஒன்றாகச் சேர்ந்து அதில் இறங்குகின்றன. ஒரு தலைமுறையின் உழைப்பு ஒரே இடத்தில் கட்டப்படும்போது, மீற்றரில் தெரியும் ஆறு இலக்கங்களை நம்பி முடிவெடுக்க முடியாது.

அந்த இலக்கங்களை ஒரு சின்னக் கணக்கால் சோதித்துப் பாருங்கள். 1998இல் செய்த ஒரு டீசல் வேன் இருபத்தேழு ஆண்டு கழித்து 1,80,000 கிலோமீற்றர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபத்தேழு ஆண்டுகளுக்கு அதைப் பிரித்தால் ஆண்டுக்கு ஏழாயிரத்துக்கும் குறைவு, நாளொன்றுக்குப் பதினெட்டு அல்லது பத்தொன்பது கிலோமீற்றர். ஹயர் ஓடிய வேனோ பாடசாலை வேனோ மரக்கறி ஏற்றிய வேனோ நாளுக்குப் பதினெட்டு கிலோமீற்றரில் நின்றிருக்காது. நாளுக்கு நூறு, ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று கணக்கிட்டாலே இருபது ஆண்டில் ஆறு லட்சத்தைத் தொட்டுவிடும். ஆகவே மீற்றர் திருப்பப்பட்டிருக்கிறது, அல்லது எங்கோ மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது கேபிள் அறுந்து பல ஆண்டுகள் ஓடாமல் இருந்திருக்கிறது. மூன்றில் எதுவானாலும் அந்த எண் நமக்கு எதையும் சொல்லவில்லை. அண்மைக் காலத்தில் இறக்குமதியான வேனென்றால் ஜப்பானிய ஏலத் தாளையோ ஏற்றுமதிக்கு முந்திய பரிசோதனைச் சான்றிதழையோ கேட்டுப் பெற்று, அந்தத் திகதியில் எத்தனை கிலோமீற்றர் இருந்தது என்று ஒப்பிடலாம். பழைய வேன்களுக்கு அந்த வழியும் இல்லை. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் தேய்வு, சாரதி இருக்கையின் இரும்புச் சட்டம், இழுவைக் கதவு ஓடும் தண்டவாளத்தின் பள்ளம், இவையே மீற்றரை விட நேர்மையாகப் பேசும். 3,80,000 என்று மறைக்காமல் காட்டி, எப்போது எதை மாற்றினேன் என்று ரசீதுகளோடு சொல்கிற உரிமையாளர், 1,40,000 காட்டிவிட்டு மௌனமாக நிற்பவரைவிட எத்தனையோ மடங்கு நம்பத்தக்கவர்.

எண்ணிக்கை உண்மையாகவே இருந்தாலும் கிலோமீற்றருக்குக் கிலோமீற்றர் வேறுபாடு உண்டு. கொழும்பு–புத்தளம் வீதியில் மேல் கியரில் ஒரே வேகத்தில் ஓடிய முந்நூறாயிரம் கிலோமீற்றர் ஒரு எஞ்சினுக்குப் பெரிய துன்பமே இல்லை. எண்ணெய் சூடேறி நன்றாகச் சுற்றும், கிளட்ச் எப்போதாவதுதான் மிதிபடும், பிரேக்கும் அப்படியே. பொகவந்தலாவையிலும் அப்கொட்டிலும் தோட்டத்து உள்வீதிகளில் ஓடிய ஐம்பதாயிரம் அப்படியல்ல. அந்த வீதிகள் தேயிலைக் கொழுந்து ஏற்றும் டிரக்டருக்கும் லொறிக்குமாக எப்போதோ போடப்பட்டவை. கம்பனிகள் 1992இல் நிர்வாகத்தை ஏற்ற பிறகும் பல இடங்களில் அவை கல்லும் குழியுமாகவே கிடக்கின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் முதல் கியர், பாதி கிளட்ச், ஒரு சில்லு அந்தரத்தில். முன்பக்கத்து போல் ஜொயின்ட், புஷ், பின்பக்கத்து இலை வில், கியர்ப்பெட்டியின் தாங்கி எல்லாமே அங்கே பல மடங்கு வேகத்தில் தேயும். போதாக்குறைக்கு மழை. வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரை எட்டும். நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் அது ஒன்று. ஆண்டில் பாதி நாள் ஈரச்சேறு அடித்துக்கொண்டே இருக்கும் சட்டத்தில் துரு உள்ளிருந்து தொடங்குகிறது, வெளியே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும். ஆகவே மலைக்கு வேன் தேடுகிறவர் கூடியவரை சமவெளியில் ஓடிய, அதிலும் உள்நாட்டுச் சமவெளியில் ஓடிய வேனைத் தேடுவது நல்லது. குருநாகலிலிருந்து வரும் வேனின் எண் பெரிதாக இருக்கலாம், உடம்பு இளமையாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபக் கரையோரத்து வேன் என்றால் உப்புக்காற்றின் துருவை நினைத்து மேலும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

உயரம் எஞ்சினுக்கு என்ன செய்கிறது என்பது ஹட்டன் கராஜ் பாஸ்மாருக்கு அனுபவத்தில் தெரியும், வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் உறிஞ்சும் காற்றும் அதற்கேற்பக் குறையும், வலுவும் குறையும், எரியாத டீசல் கறுப்புப் புகையாக வெளியேறும். இதைச் சாரதி அக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தி ஈடுகட்டப் பார்ப்பார், அப்போது எஞ்சின் சூடேறும். சூட்டை வெளியேற்றவேண்டிய தண்ணீரும் அந்த உயரத்தில் கடல் மட்டத்தின் 100 பாகையில் கொதிப்பதில்லை, 94 பாகை சுமாரிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி ஒழுங்காக இறுகி, சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் கொதிநிலை 115 பாகையை ஒட்டி உயர்ந்து எஞ்சின் பிழைக்கும். சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் அந்த மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும்போதே தண்ணீர் பொங்கும். தோட்டப் பக்கத்தில் எஞ்சின்கள் ‘ஹெட்’ வெடித்துச் சாவதில் பெரும் பங்கு இப்படித்தான் நிகழ்கிறது. கூலண்ட் ஊற்றாமல் பீலித் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டிய வேனின் ரேடியேட்டரைத் திறந்தால் செங்காவிக் கலக்கம் தெரியும். அந்த நிறத்தைக் கண்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், உள்ளே குழாய்கள் அடைபட்டிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றம் எஞ்சினைத்தான் கெடுக்கும். இறக்கம் ஆளைக் கொல்லும். வேனும் சுமையும் சேர்ந்து இரண்டரைத் தொன் என்று கொண்டால், நுவரெலியாவிலிருந்து கம்பளை வரை ஏறக்குறைய 1,400 மீற்றர் கீழே இறங்கும்போது அது இழக்கவேண்டிய ஆற்றல், நூறு லீற்றர் தண்ணீரைக் குளிர் நிலையிலிருந்து கொதிக்கவைக்கப் போதுமானது. டயர்களின் உராய்வும் எதிர்க்காற்றும் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் மீதி முழுவதும் வழிநெடுகச் சமமாகப் பரவி வருவதில்லை. இறம்பொடைக்கு மேலே வரும் வளைவுகளிலும், றதெல்லைக் குறுக்கு வீதியிலும், கினிகத்தேனைக்குக் கீழேயும் சில நிமிடங்களுக்குள் திரண்டு வந்து எஞ்சினிடமோ பிரேக்கிடமோ தன்னை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும் சாரதி அதை முழுக்கப் பிரேக்கின் தலையில் கட்டுகிறார். அங்கே இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. சாதாரண டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிக்கும் தரத்தைக் கொண்டது, ஈரம் ஏறியபின் அதற்கு விதிக்கப்பட்ட தரமே 140 பாகைதான். பனியும் மழையுமான நம் ஊரில் பல ஆண்டு மாற்றாத எண்ணெய் நீண்ட இறக்கத்தில் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். ஆவி நசுங்கும், ஆகவே பெடல் தரைவரை இறங்கும், வேன் நிற்காது.

இதன் விலையை நாம் பார்த்துவிட்டோம். 2023 ஜனவரி 20 அன்று கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி மாணவர்களைச் சுற்றுலா ஏற்றிவந்த பஸ் நானுஓயாவில் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து, எதிரே வந்த ஒரு வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. வேனில் வந்தவர்களும் முச்சக்கர வண்டியின் சாரதியுமாக ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே 11 அன்று இறம்பொடை கெரண்டி எல்லைப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஒவ்வொரு விபத்தின் காரணத்தையும் விசாரணையே சொல்லவேண்டும். ஆனால் ஒன்று விளங்குகிறது: இந்த வீதிகளில் ஒரு வாகனத்தின் நிலை அதன் உரிமையாளருடைய சொந்த விவகாரமாக இருக்க முடியாது, எதிரே வருபவனின் உயிரும் அதில் தொங்குகிறது. காலையில் கோவா மூட்டையையும் பிற்பகலில் பன்னிரண்டு பிள்ளைகளையும் ஏற்றும் வேனுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

ஆகவே வேனைப் பார்க்கும் முறையே மாறவேண்டும். சேலில் வரிசையாக நிறுத்திக் கழுவிய வேனை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது வாங்கும் முறையே அல்ல. குளிர்ந்த விடியலில், எஞ்சினைத் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதியான பிறகு, முதல் ஸ்டார்ட்டைக் கேட்க வேண்டும். நெடுநேரம் வெள்ளைப் புகை கக்கினாலோ ஒரு சிலிண்டர் தாமதமாகச் சேர்ந்தாலோ குளோ பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் மூன்றில் ஒன்று தளர்ந்திருக்கிறது. எண்ணெய் மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தால் ரயில் எஞ்சினைப் போல ஆவி தள்ளக்கூடாது. பிறகு சுமை. வெறும் வேனை ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. விற்பவர் சம்மதித்தால் எட்டுப் பேரோ அரைத் தொன் மூட்டையோ ஏற்றி, ஒரு நீண்ட ஏற்றத்தில் விட்டு, உச்சியில் நிறுத்தி, வெப்பமானி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து இரண்டாம் கியரில் இறங்குங்கள். கியர் தானாக வெளியே குதிக்கிறதா, எஞ்சின் வேனைப் பிடிக்கிறதா, பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரியும். கீழே நிறுத்தியதும் நான்கு சில்லுகளுக்கும் அருகே கையை வைத்துப் பாருங்கள், தொடவேண்டாம். முன்னிரண்டும் பின்னிரண்டைவிடச் சூடாக இருப்பது இயல்பு. வலமும் இடமும் வேறுபட்டால் ஒரு பிரேக் சிலிண்டர் இறுகியிருக்கிறது. கடைசியாக, அதே சரிவில் கைப் பிரேக்கை மட்டும் போட்டு நிறுத்துங்கள். நிற்காத வேனை எத்தனை பேர் கல் வைத்து நிறுத்தி வாழ்நாள் ஓட்டுகிறார்கள் என்பது நம் கடைத்தெருக்களில் சில்லுக்கடியில் கிடக்கும் கற்களைப் பார்த்தால் தெரியும்.

எந்த வேன் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். மலையகம் பல காலமாக ‘டொல்பின்’ என்று அழைக்கும் டொயோட்டா ஹையேஸின் நான்காம் தலைமுறை 1989இல் வந்தது. ஜப்பானில் 2004இல் அடுத்த தலைமுறை வரும்வரை அது உற்பத்தியானது. அதில் வந்த டர்போ இல்லாத டீசல் எஞ்சின்கள், 2,446 சீசீ கொண்ட 2எல், 2,779 சீசீ கொண்ட 3எல், 2,986 சீசீ கொண்ட 5எல், மூன்றுமே பம்பும் குழாயும் இன்ஜெக்டருமாக எளிய அமைப்புடையவை, கணினி இல்லாமல் ஓடுபவை. இவற்றின் டைமிங் பெல்டை ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றிவிட்டால், எண்ணெயும் தண்ணீரும் ஒழுங்காக இருந்தால், நெடுங்காலம் உழைக்கும். ‘போன வருடம்தான் பெல்ட் போட்டேன்’ என்ற சொல்லை ரசீது இல்லாமல் நம்பவேண்டாம், வாங்கியதும் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். நிசான் கரவனில் வந்த டிடி27 எஞ்சினில் பெல்டே கிடையாது, பல்சக்கரங்கள்தான். சத்தம் அதிகம், கவலை குறைவு. லைட்ஏஸ், டவுன்ஏஸ் வேன்களில் வந்த 1,974 சீசீ 2சி எஞ்சினைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. அது கெட்ட எஞ்சின் அல்ல, ஆனால் ஒருமுறை சூடேறிவிட்டால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும் குணமுடையது. முன் இருக்கைக்குக் கீழே காற்றோட்டம் குறைவான இடத்தில் அது அமர்ந்திருக்கிறது. தட்டையான ஊரில் சிக்கனமான அந்த வேன், சுமையோடு இராகலைக்கு ஏறும் வேலைக்கு வந்தால் அதன் பலவீனம் முழுக்க வெளிப்படும். மலையில் சுமைக்கென்றால் பெரிய, சோம்பலான, எளிய எஞ்சினே என் முதல் தேர்வு.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். 2004க்குப் பிந்திய தலைமுறை ஹையேஸான கேடிஎச் வேன்களில் டர்போவோடு கூடிய கொமன் ரெயில் எஞ்சின் இருக்கிறது. மேலே சொன்ன உயரத்தின் வலுவிழப்பை டர்போ பெருமளவு ஈடுகட்டும். புகை குறைவு, இழுவை அதிகம், பிரேக்கும் சிறந்தது. மலைக்கு அதுதானே பொருத்தம்? இயந்திரத்தை மட்டும் பார்த்தால் ஆம். நல்ல பராமரிப்பு வரலாறு உள்ள, ஒரே உரிமையாளர் வைத்திருந்த கேடிஎச்சை வாங்க வசதியுள்ளவர் வாங்கட்டும். ஆனால் அதிகம் ஓடிய கேடிஎச் வேறு விதமான பந்தயம். அதன் இன்ஜெக்டரின் கீழ் செம்பு வளையம் கசியத் தொடங்கினால் எரிந்த வாயு எஞ்சின் எண்ணெய்க்குள் கலந்து கரித்தாராகி, கீழே எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். வெளியே எந்தக் குறையும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் எண்ணெய் இல்லாமல் ஒரு நாளில் இறுகிப்போகும். இன்ஜெக்டர்களையும் உயர் அழுத்தப் பம்பையும் சோதிக்கக் கருவியும் பயிற்சியும் வேண்டும். டொல்பினின் பம்பைத் திருத்துபவர் பக்கத்து டவுனிலேயே இருப்பார், வேண்டிய பாகத்தைப் பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வரவழைக்கலாம். வேன் ஒரு வாரம் படுத்தால் ஒரு வாரத்து ஹயரும், லீசிங் தவணையும், பிள்ளைகளை ஏற்றுவதாகக் கொடுத்த வாக்கும் சேர்ந்து படுக்கின்றன. நம்பகம் என்பதில் பழுதாகாமல் இருப்பது பாதி, பழுதானால் நாளைக்கே எழுந்து ஓடுவது மறுபாதி.

இன்னொரு திசையிலிருந்து வரும் மறுப்பு, இவ்வளவு பெரிய வேன் எதற்கு, சுசுகி எவ்ரியோ டைஹாட்சு ஹைஜெட்டோ போதுமே என்பது. விலை குறைவு, பெற்றோல் சிக்கனம், லயத்து ஒழுங்கை வரை போகும். சாமான் கடைக்கும் சிறு ஹயருக்கும் அவை மிக நல்லவை. ஆனால் 660 சீசீ வகுப்பில் வரும் அந்தச் சரக்கு வேன்களுக்கு ஜப்பானில் அனுமதித்த சுமை 350 கிலோ மட்டுமே. ஏழு மரக்கறி மூட்டையோடு அந்த எல்லை முடிந்துவிடும், நம்மவர்களோ பதினைந்து மூட்டை ஏற்றுவார்கள். அப்படி ஏற்றிய சின்ன வேன் எப்படியோ முனகிக்கொண்டு ஏறிவிடும், இறங்கும்போது அந்தச் சுமைக்கு அளவில்லாத பிரேக்கோடு இறங்கும். பேலியகொடைக்கோ தம்புள்ளைக்கோ நேரே மரக்கறி கொண்டுபோகிறவருக்கு அந்த வகுப்பு பொருந்தாது. கீழே ஒரு தொன் வரை தாங்கும் ஹையேஸ், கரவன் வகுப்பு, அதற்கும் மேலென்றால் லொறி, இதுவே சரியான வரிசை.

பழைய வேனின் வரலாற்றில் 2022ஐத் தனியாக விசாரியுங்கள். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் ஓட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனது. மண்ணெண்ணெய் ஆகஸ்டில் 340க்கு உயர்த்தப்படும்வரை 87 ரூபாவாக இருந்தது. அந்த இடைவெளியில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் ஆசை எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. டீசல் பம்பின் உள்ளே உராயும் பாகங்களுக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்புப் போதாது. சூடானபின் ஸ்டார்ட் ஆகத் தயங்கும் வேன், ஐட்லிங்கில் ஏறி இறங்கும் வேன் அந்தக் காலத்தின் தேய்மானத்தை இன்னும் சுமக்கிறதாக இருக்கலாம். வேனின் இரும்புச் சட்டத்தையும் அதே கவனத்தோடு பார்க்கவேண்டும். டோர்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக் கீழே படுத்து, இலை வில் தொங்கும் கொக்கிகள், பின் சில்லுக் குழி, படிக்கட்டின் உட்புறம், தரைவிரிப்புக்குக் கீழான தகடு ஆகியவற்றைத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு, மந்தமாக ஒலித்தால் புட்டி. அடிப்பாகம் முழுவதும் புதிதாகத் தார்க்கறுப்பு அடித்திருந்தால் அதை நல்ல பராமரிப்பு என்று பாராட்டாமல், எதை மறைக்கிறது என்று கேளுங்கள். எஞ்சினை மாற்றலாம், கியர்ப்பெட்டியை மாற்றலாம், சட்டம் தின்னப்பட்ட வேனை மாற்ற வழியே இல்லை.

இவ்வளவு சொன்னபிறகும் ஒருவர் கேட்கலாம்: மற்றதெல்லாம் சமமாக இருந்தால் குறைவாக ஓடிய, பிந்திய வருடத்து வேன்தானே நல்லது? சமமாக இருந்தால் நிச்சயமாக. சந்தையில் அவை சமமாக இருப்பதில்லை என்பதே விஷயம். வருடம் கூடினால் விலை கூடுகிறது, லீசிங் தருபவர்களும் செய்த வருடத்தை வைத்தே தொகையைத் தீர்மானிக்கிறார்கள். அதனால் வாங்குபவர் தன்னிடமுள்ள கடைசி ரூபாவரை வருடத்துக்கே கட்டிவிடுகிறார். பிந்திய வருடத்து வேன் வந்து நிற்கும், பிரேக்குக்கும் டயருக்கும் பணம் இருக்காது. முதல் மூன்று மாதம் எதையும் தொடாமல் ஓட்டி, அந்த மூன்று மாதத்திலேயே அதைக் கெடுத்துவிடுகிறார்கள். என் கணக்கு வேறு. கையிலுள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, மீதிக்கு எந்த வேன் வருகிறதோ அதைத் தேடுங்கள். இரண்டு மூன்று வருடம் பழையதாக வரலாம், வரட்டும். ஒதுக்கிய பணத்தில் டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்ப், ரேடியேட்டர் சுத்தம், மூடி, குழாய்கள், பிரேக் லைனிங், பிரேக் எண்ணெய், நான்கு டயர் என்று முதல் வாரமே முடித்துவிட்டுச் சுமை ஏற்றத் தொடங்கினால், அந்தப் பழைய வேன் பிந்திய வருடத்து வேனை வருமானத்திலும் பாதுகாப்பிலும் முந்தும்.

தாள்களை அலட்சியம் செய்வது நம் பக்கத்து நோய். முன்னுரிமையாளர் கையொப்பமிட்டு விட்டுவைத்த வெற்றுப் படிவத்தோடு ‘ஓபன் பேப்பரில்’ மூன்று நான்கு கை மாறும் வேன்கள் ஏராளம். பெயர் மாற்றக் கட்டணம் மிச்சம் என்று தோன்றும். விபத்து நடந்தால், நிதி நிறுவனத்துக்குக் கடன் பாக்கி இருந்தால், வேன் ஏதாவது வழக்கில் சிக்கியிருந்தால், வாங்கியவர் சட்டத்தின் கண்ணில் யாருமே அல்ல. பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் உரிமையாளராக நிற்கிறதா, எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வேனில் பொறித்திருப்பதோடு பொருந்துகின்றனவா என்று அட்வான்ஸுக்கு முன்பே பாருங்கள். மாற்றிப் போட்ட எஞ்சின் பதியப்படாமல் இருப்பது சாதாரணமாக நடக்கும் ஒன்று. வருடாந்தப் புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் காட்டி ‘எல்லாம் சரி’ என்று தரகர் சொல்லுவார். அது புகைக்கான சான்றிதழ். பிரேக்கைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கடைசி மறுப்பு பணத்தைப் பற்றியது, அதுவே மிக வலுவானதும். சுமையேற்றி மலையில் ஓட்டிப் பார், பாஸைக் கூட்டிப் போ, ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கு என்பதெல்லாம் கொழும்பில் சம்பளம் எடுப்பவருக்குச் சரி, ஆறு மாதம் அலைந்து ஒரு வேனைப் பிடித்த தோட்டத்துப் பையனிடம் சொல்லக்கூடியதா? விற்பவர் ‘வேண்டுமானால் எடு, வெளியே இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள்’ என்பார். உண்மைதான், தனி ஆளாக அவரால் பேரம் பேச முடியாது. அதனால்தான் இதைத் தனி ஆளின் தலையில் விடக்கூடாது என்கிறேன். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் பாடசாலை வேன், ஹயர் வேன் ஓட்டுபவர்கள் ஏற்கெனவே ஸ்டாண்டுகளாகவும் சங்கங்களாகவும் கூடியிருக்கிறார்கள். வாங்கப்போகும் ஒவ்வொரு வேனையும் சங்கத்தில் அனுபவமுள்ள இருவரும் ஒரு பாஸும் போய்ப் பார்த்து எழுத்தில் கருத்துத் தரும் ஏற்பாட்டுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. சில்லுகளை உருளையில் ஏற்றி ஒவ்வொன்றின் பிரேக் பலத்தையும் தனித்தனியே அளக்கும் இயந்திரம் ஒன்றை ஹட்டனில் நிறுவிக் குறைந்த கட்டணத்தில் எல்லாருக்கும் திறந்துவிடுவது மாகாண சபைக்கோ மலையக அபிவிருத்திக்கென ஒதுக்கும் நிதிக்கோ எட்டாத காரியம் அல்ல. லீசிங் கம்பனிகளும் தங்கள் சொந்த நலனுக்காகவேனும் செய்த வருடத்தோடு அந்தப் பிரேக் அறிக்கையையும் கேட்கத் தொடங்கலாம். அப்படிக் கேட்டால், 1999இல் செய்த நல்ல வேனுக்கு 2006இல் செய்த கெட்ட வேனைவிடக் கூடுதல் கடன் கிடைக்கும். அதுவரை, வாங்கப் போகிறவர் தன் ஸ்டாண்டில் மூத்த சாரதி ஒருவரை ஒரு நாள் ஹயர் நட்டத்தைக் கொடுத்தாவது கூட்டிப்போகட்டும். வேன் நிற்கும் இடம் சமவெளியானால், அட்வான்ஸ் கொடுக்குமுன் கினிகத்தேனை வரை ஏற்றி, கித்துல்கலைக்கு இறக்கிக் காட்டும்படி கேட்கட்டும். மறுக்கிற விற்பனையாளரிடம் அந்த வேனை விட்டுவிட்டு வரலாம்.